லித்தியம் மின்கலங்களின் மின்னோட்ட வரம்பு

லித்தியம் அயனி மின்கலத்திலிருந்து அதற்குக் கேடு வராமல் தொடர்ந்து எடுக்கக்கூடிய மிகக் கூடுதலான மின்னோட்டம் அதன் வெளியேற்ற வரம்பு எனப்படும். ஆம்பியரில் இதைக் குறிப்பார்கள். கொள்ளளவின் மடங்காக, 'சி' கணக்கிலும் சொல்வதுண்டு. 2,500 மில்லி ஆம்பியர்-மணி செல்லுக்கு 1சி என்றால் 2.5 ஆம்பியர், அந்த வேகத்தில் எடுத்தால் ஒரு மணி நேரத்தில் செல் காலியாகும். இந்த வரம்பு செல்லின் உருவத்தைப் பொறுத்தது அல்ல. சாம்சங் தயாரிக்கும் 25ஆர், 35இ ஆகிய இரண்டும் 18 மி.மீ. விட்டமும் 65 மி.மீ. நீளமும் கொண்ட 18650 வகைச் செல்களே. முன்னது 2,500 மில்லி ஆம்பியர்-மணி கொண்டது, தொடர்ந்து 20 ஆம்பியர் தரும். பின்னது 3,500 கொண்டது, ஆனால் 8 ஆம்பியர்தான் தரும். மின்முனைப் பூச்சைத் தடிமனாக்கினால் கொள்ளளவு கூடும், அயனிகள் கடக்கவேண்டிய தூரமும் கூடும். அதிகக் கொள்ளளவு, அதிக மின்னோட்டம் இரண்டையும் ஒருசேரப் பெற வழியில்லை. இதே அளவுச் செல்லில் 9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சிட்டு விற்பவர்களின் ஆம்பியர் கணக்கை நம்பவேண்டிய அவசியமும் இல்லை.

அச்சிட்ட ஆம்பியர் எண்ணையே பாதுகாப்பு எல்லையாகக் கொள்வதுதான் பரவலான பிழை. உண்மையான எல்லை வெப்பநிலை. ஆம்பியர் எண் குறிப்பிட்ட நிலைமைகளில் அதற்கு ஒரு மாற்றுக் குறியீடு மட்டுமே. உள் மின்தடையில் விரயமாகும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். 20 மில்லிஓம் தடையுள்ள செல்லில் 10 ஆம்பியர் ஓடினால் 2 வாட் வெப்பம்; 20 ஆம்பியர் ஓடினால் 4 அல்ல, 8 வாட். 2,500 மில்லி ஆம்பியர்-மணி செல் 20 ஆம்பியரில் ஏழரை நிமிடத்தில் தீரும். அதற்குள் உண்டாகும் வெப்பம் சுமார் 3,600 ஜூல். செல்லின் எடை ஏறத்தாழ 45 கிராம்தான் என்பதால், வெப்பம் வெளியேற வழியே இல்லாவிட்டால் அதன் வெப்பநிலை சுமார் 80 டிகிரி உயரும். திறந்த காற்றில் தனியாக வைத்துச் சோதித்த செல் தப்பிக்கும். பல செல்களை இணைத்துக் கட்டிய பேக்கின் நடுவில் நாலாபுறமும் சூடான செல்கள் சூழ்ந்திருக்கும் செல்லுக்கு அந்த வசதி கிடையாது. சென்னையின் மே மாத வெயிலில் நின்ற மின்வண்டியின் செல், சோதனையில் போல 25 டிகிரியிலிருந்து தொடங்குவதும் இல்லை.

சூடு தாண்டினால் நிகழ்வதும் படிப்படியானதே. ஏறக்குறைய 80, 90 டிகிரியில் கிராஃபைட் மின்முனை மீதுள்ள காப்புப் படலம் சிதையத் தொடங்கி, தானே வெப்பத்தை உமிழும். 130 டிகிரியை ஒட்டி பாலிஎத்திலீன் பிரிப்பான் உருகும். உள்ளே குறுக்குச்சுற்று ஏற்பட்டு, நேர்மின்முனை ஆக்சிஜனையும் விடத் தொடங்கினால், எரியக்கூடிய மின்பகுளிக்கு வெளிக்காற்றே தேவையில்லை. அதன் பிறகு மின்னோட்டத்தைத் துண்டித்தும் பயனில்லை. இரும்பு பாஸ்பேட் வகைச் செல் இந்தக் கடைசிக் கட்டத்தில் சாதுவானது, ஆனால் தீப்பிடிக்கவே பிடிக்காது என்று சொல்வது மிகை.

பேக்கில் மேலாண்மைச் சுற்று இருக்கிறதே, அது துண்டித்துவிடாதா என்று கேட்கலாம். துண்டிக்கும், ஆனால் அது அளப்பது பெரும்பாலும் மொத்த மின்னோட்டத்தை. பக்க இணைப்பில் உள்ள நான்கு செல்களில் ஒன்று தளர்ந்துவிட்டால் அதன் பங்கை மற்ற மூன்றும் சுமக்கின்றன. மொத்தம் மாறாததால் சுற்றுக்கு எதுவும் தெரியாது. வெப்ப உணரி இருந்தாலும் அது ஒட்டியிருக்கும் இடத்தின் சூட்டைத்தான் சொல்லும். டிரோன்கள் 30சி, 50சி எடுக்கின்றனவே என்பது இன்னொரு வாதம். அவற்றில் உள்ள லித்தியம் பாலிமர் (லிபோ) பேக்குகளின் மேல் அச்சிடப்படும் சி எண்ணுக்குப் பொதுவான சோதனை முறை கிடையாது, பாதி விளம்பரம். பறக்கும்போது அந்த உச்சத்தை எடுப்பதும் சில நொடிகளுக்கே. அந்த பேக்குகள் சீக்கிரமே உப்பிப்போவதை டிரோன் ஓட்டுபவர்கள் அறிவார்கள்.

வயதும் கணக்கில் சேரவேண்டும். பயன்பாட்டில் உள் மின்தடை ஏறிக்கொண்டே போகும், அட்டையில் உள்ள எண் மட்டும் மாறாது. பழைய மடிக்கணினி, ஸ்கூட்டர் பேக்குகளிலிருந்து கழற்றிய செல்களால் புதிய பேக் கட்டுபவர்கள் கொள்ளளவை மட்டும் அளந்தால் போதாது, மின்தடையையும் ஒவ்வொன்றாக அளக்கவேண்டும். தடை இருமடங்கானால், பழைய அளவு வெப்பத்தோடு நிற்க மின்னோட்டத்தை எழுபது விழுக்காடாகக் குறைக்கவேண்டும். 20 ஆம்பியர் என்று விற்கப்பட்ட செல்லை அப்போது 14 ஆம்பியர் செல்லாகவே கொள்ளவேண்டும்.