கலே முதல் செங்கல்பட்டு வரை: கைமாறிய சொகுசு வண்டியின் கதை

1760-களில் இங்கிலாந்தின் பெரிய வீட்டுப் பிள்ளை ஒருவர் இத்தாலியைச் சுற்றிப் பார்க்கக் கிளம்பினால், கடல் தாண்டியதும் முதல் வேலையாகப் போய் நிற்பது பழைய வண்டி விற்கிற ஒருவரிடம்தான். பிரான்ஸின் கலே துறைமுகத்தில் தெஸ்ஸேன் என்பவர் விடுதி நடத்திவந்தார். முன்கட்டில் சாப்பாடும் படுக்கையும். பின்கட்டில் வரிசையாகச் சாரட்டுகள். ஐரோப்பாவைச் சுற்றி முடித்து ஊர் திரும்புகிறவர்கள் தங்கள் வண்டியை அவரிடம் தள்ளிவிட்டுப் போவார்கள். அடுத்த கப்பலில் இறங்குகிறவர் தலையில் அவர் அதைக் கட்டிவிடுவார். லாரன்ஸ் ஸ்டெர்ன் 1768-ல் வெளியிட்ட ‘எ சென்டிமென்டல் ஜர்னி’ நாவலில் இந்த முற்றமும் வருகிறது, தெஸ்ஸேனும் சொந்தப் பெயரிலேயே வருகிறார். மூலையில் ஓர் ஒற்றை ஆள் வண்டி நாலு மாதமாகக் கிடக்கிறது. கிளம்பும்போதே ஒட்டுப்போட்டுக் கிளம்பிய வண்டி. போதாக்குறைக்கு மோன்-செனி கணவாயில் இரண்டு தடவை பிரித்துப் பூட்டியிருக்கிறார்கள். பழைய பென்ட்லி வாங்கப் போகிறவர் இன்று சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டித் தேடுவதும் இதே மாதிரி வரலாற்றைத்தான்.

மோன்-செனியில் அப்போது வண்டிப்பாதை கிடையாது. ஆல்ப்ஸ் அடிவாரத்தில் சக்கரத்தைக் கழற்றி, பெட்டியைப் பிரித்து, எல்லாவற்றையும் கோவேறு கழுதைகள் மேல் ஏற்றுவார்கள். சீமானை நாற்காலியில் உட்காரவைத்து ஆட்கள் தூக்கிப் போவார்கள். மறுபக்கம் இறங்கியதும் எல்லாவற்றையும் திரும்பப் பூட்டுவார்கள். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மூட்டாக ஆட்டம் காணும். நெப்போலியன் மலைமேல் சாலை போட்ட பிறகுதான் இந்தப் பாடு ஓய்ந்தது. இந்த வண்டியின் நீண்ட கதையில் மாறாத ஒரு பங்கீடு இங்கேயே தொடங்கிவிடுகிறது என்று நினைக்கிறேன்: முதல் சொந்தக்காரருக்கு மலைக்காட்சி, இரண்டாமவருக்கு ஆடிப்போன மூட்டுகள்.

இந்த நெடும்பயணத்துக்கு ‘கிராண்ட் டூர்’ என்ற பெயர் 1670-லேயே, ரிச்சர்ட் லாஸல்ஸ் எழுதிய இத்தாலிப் பயணநூலில் அச்சேறிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் வந்ததும் சாரட்டுப் பயணம் படுத்துவிட்டது. சாரட்டு கட்டிய குடும்பங்கள் மட்டும் படுக்கவில்லை. மோட்டார் வந்தபோது தொழிற்சாலை சட்டத்தையும் இன்ஜினையும் மட்டும் விற்றது. மேலே கூடு கட்டித் தரும் வேலை பழைய வண்டிப் பட்டறைகளுக்கே வந்தது. 18-ஆம் நூற்றாண்டில் தபால் வண்டி கட்டிய மல்லினர் குடும்பத்தின் வாரிசுகள் பென்ட்லிக்கு உடல் கட்டினார்கள். குதிரை போனது, மரவேலையும் தோல்வேலையும் அதே கைகளில் நின்றன.

ரயிலுக்குப் பதிலடி 1930-ல் கிடைத்தது. கலேயிலிருந்து மத்தியதரைக் கடற்கரைக்குப் பணக்காரர்களை ஏற்றிப் போன ‘நீல ரயில்’ அன்றைக்குச் சொகுசின் உச்சம். பென்ட்லி நிறுவனத்தின் தலைவர் வூல்ஃப் பர்னாட்டோ கான் நகரில் 100 பவுண்ட் பந்தயம் கட்டினார்: கானிலிருந்து ரயில் கிளம்பும்போது நானும் கிளம்புகிறேன், அது கலேயைத் தொடுவதற்குள் நான் லண்டனில் என் கிளப்பில் இருப்பேன். மார்ச் 13 மாலை புறப்பட்டு, மழையிலும் மூடுபனியிலும் இரவெல்லாம் ஓட்டி, கால்வாயையும் கடந்து, ரயிலை நாலு நிமிடத்தில் வென்றார். பொதுச் சாலையில் பந்தயம் ஓட்டியதற்காக பிரெஞ்சு அதிகாரிகள் விதித்த அபராதம் பந்தயப் பணத்தைவிட அதிகம். அடுத்த ஆண்டே பென்ட்லி திவாலாகி ரோல்ஸ்-ராய்ஸ் கைக்குப் போனது தனிக்கதை.

இதிலும் ஒரு ஆள்மாறாட்டம் உண்டு. பர்னாட்டோவிடம் முதுகு சரிந்த, பின்னால் குறுக்குவாட்டில் ஒற்றை இருக்கை வைத்த அழகான கூபே ஒன்று இருந்தது. ஓவியர் டெரன்ஸ் க்யூனியோ அந்தக் கூபே ரயிலோடு பாய்வதாகவே படம் வரைந்தார். உலகம் பல ஆண்டுகள் அதையே பந்தய வண்டி என்று நம்பியது. பிறகு தேதிகளைச் சரிபார்த்தபோதுதான், பந்தயம் நடந்தபோது கூபே பட்டறையைவிட்டே வெளியே வரவில்லை என்று தெரிந்தது. ஓடிய வண்டி மல்லினர் கட்டிய சாதாரணப் பெட்டி உடல் கார். பழைய கார் சந்தையில் ஒரு வண்டியின் கதைக்கும் அதன் சேசிஸ் எண்ணுக்கும் உள்ள தூரத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

போருக்குப் பிறகு இத்தாலி முந்திக்கொண்டது. 1951-ல் லான்சியா கொண்டுவந்த அவுரேலியா பி20 ஜிடி (‘கிரான் டூரிஸ்மோ’, அந்தப் பழைய கிராண்ட் டூரின் இத்தாலிய வடிவம்), வி6 இன்ஜினோடு, அதே ஆண்டு மில்லே மில்லியா பந்தயத்தில் இரண்டாவதாக வந்தது. குடும்பத்தோடு கடற்கரைக்கும் போகலாம், ஞாயிற்றுக்கிழமை பந்தயமும் ஓட்டலாம். மறு ஆண்டு பென்ட்லி ஆர்-டைப் கான்டினென்டல் வந்தது. கட்டியது மொத்தம் 208. பெரும்பாலானவற்றுக்கு உடல் கட்டியது மீண்டும் மல்லினர்.

அடுத்த கட்டத்தில்தான் கதை வேடிக்கையாகிறது. இந்தச் சொகுசுக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், வயலிலிருந்து. டேவிட் பிரவுன் யார்க்‌ஷரில் கியரும் டிராக்டரும் செய்தவர். ‘தி டைம்ஸ்’ நாளிதழின் வரி விளம்பரத்தில் ‘உயர்தர மோட்டார் தொழில் விற்பனைக்கு’ என்பது போல் ஓர் அறிவிப்பைப் பார்த்து, 1947-ல் 20,500 பவுண்டுக்கு ஆஸ்டன் மார்ட்டினை வாங்கினார். டிபி4, டிபி5 என்கிற பெயர்களில் இருப்பது அவருடைய முதலெழுத்துகள். இத்தாலியில் ஃபெருச்சோ லம்போர்கினி, போரில் மிஞ்சிய உதிரிபாகங்களை வைத்து டிராக்டர் கட்டிப் பணம் பார்த்தவர். அவரிடமிருந்த ஃபெராரியில் கிளட்ச் அடிக்கடி போக, பிரித்துப் பார்த்தால் தன் டிராக்டரில் போடும் அதே ரகம் என்று கண்டதாகவும், ஃபெராரியிடம் சொல்லப் போய் அவமானப்பட்டுத் திரும்பியதாகவும் அவர் பின்னாளில் சொன்ன கதை. கதையில் எத்தனை பங்கு மசாலா என்பது இருக்கட்டும். 1964-ல் லம்போர்கினி 350 ஜிடி விற்பனைக்கு வந்தது உண்மை.

டிராக்டர்காரர்களோடு ஒரு ஃபிரிட்ஜ்காரரும் சேர்ந்துகொண்டார். ரென்சோ ரிவோல்ட்டா குளிர்பதனப் பெட்டி செய்துவந்தவர். 1953-ல் முன்பக்கமே கதவாகத் திறக்கும் இசெட்டா என்ற முட்டை வடிவக் குட்டிக் காரைச் செய்தார். அதன் உரிமத்தை வாங்கி பிஎம்டபிள்யூ லட்சத்துக்கு மேல் விற்று, தனக்குப் பணமுடையாக இருந்த ஆண்டுகளைத் தாண்டியது. ரிவோல்ட்டா 1962-ல் அமெரிக்க ஷெவர்லே வி8 இன்ஜினை வைத்து ஐசோ ரிவோல்ட்டா என்ற பெரிய ஜிடியைக் கொண்டுவந்தார். ஐரோப்பிய அழகுக்குள் அமெரிக்க இன்ஜின் என்கிற இந்த வித்தை அன்று பரவலாக நடந்தது. இங்கிலாந்தின் ஜென்சன் இன்டர்செப்டரில் கிரைஸ்லர் இன்ஜின். பிரான்ஸின் ஃபசெல் வேகாவிலும் அதேதான். ஃபசெல் வேகாவின் டேஷ்போர்டு வால்நட் மரம் போலவே இருக்கும்; தட்டிப் பார்த்தால் தகரம், மேலே கையால் தீட்டிய மரக்கோடுகள். எழுத்தாளர் ஆல்பெர் காம்யு 1960 ஜனவரி 4 அன்று இறந்தது இந்தக் காரில்தான். ஓட்டியவர் அவருடைய பதிப்பாளர் குடும்பத்து மிஷேல் கலிமார். காம்யுவின் பையில் பயன்படுத்தாத ரயில் டிக்கெட் இருந்தது.

இனி பட்டறைக்குள் கொஞ்சம் நிற்கலாம். மிலானின் கரோட்சேரியா டூரிங் நிறுவனம் 1930-களில் ‘சூப்பர்லெஜேரா’ என்றொரு முறையைக் கண்டுபிடித்தது. மெல்லிய எஃகுக் குழாய்களால் காரின் உருவத்தைக் கூடாகக் கட்டி, அதன்மேல் அலுமினியத் தகட்டைப் போர்த்துவார்கள். எடை வெகுவாகக் குறையும். உரிமத்தை வாங்கி 1958-ல் ஆஸ்டன் மார்ட்டின் டிபி4-ஐ இப்படியே கட்டினார்கள். புதுசில் பிரமாதம். ஆனால் அலுமினியமும் இரும்பும் தொட்டுக்கொண்டிருக்கிற இடத்தில் ஈரம் புகுந்தால், அங்கே ஒரு சின்ன பேட்டரியே உருவாகிவிடுகிறது. அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும், பெயின்ட் கொப்பளிக்கும், உள்ளே குழாய் துருப்பிடித்திருப்பது தகட்டைக் கழற்றினால்தான் தெரியும். பழைய காரில் எங்கே பட்டி அடைத்திருக்கிறார்கள் என்று பார்க்க நம் ஊர் டிங்கரிங் மேஸ்திரி காந்தம் வைத்துப் பார்ப்பார். இங்கே அந்தத் தந்திரம் பலிக்காது, அலுமினியத்தில் காந்தம் எங்குமே ஒட்டாது.

இருந்தும் அதிர்ஷ்டம் அடித்தவர்கள் உண்டு. ‘கோல்ட்ஃபிங்கர்’ ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஓடிய டிபி5 ஒன்றை ஆஸ்டன் மார்ட்டினே 1969-ல் 12,000 டாலருக்குப் பழைய காராக விற்றது. வாங்கிய அமெரிக்கர் நாற்பது ஆண்டு வைத்திருந்து 2010-ல் லண்டன் ஏலத்தில் கொடுத்தபோது கிடைத்தது சுமார் 26 லட்சம் பவுண்ட். இதைக் கேட்டு ஆசைப்பட்டுத் தெருவில் நின்றவர்கள் எத்தனை பேர் என்று யாரும் ஏலப் புத்தகத்தில் அச்சடிப்பதில்லை.

இனி, பெயரைக் காப்பியடித்த கதை. ஃபெராரி 250 ஜிடிஓ 1962-ல் வந்தது. கட்டியது 36 கார்கள்தான். 1964-ல் அமெரிக்காவின் பான்டியாக் நிறுவனத்தில் ஜான் டிலோரியனின் ஆட்கள் ஒரு சாதாரணக் காருக்குள் பெரிய இன்ஜினைத் திணித்து, கூச்சமே இல்லாமல் ‘ஜிடிஓ’ என்று பெயர் சூட்டினார்கள். ‘கார் அண்ட் டிரைவர்’ பத்திரிகை அட்டையில் இரண்டு ஜிடிஓ-க்களையும் மோதவிட்டது, ஓவியமாக! விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. ஜிடி என்ற இரண்டு எழுத்துக்கு அந்தப் பத்தாண்டில் மானம் போயிற்று. ஃபோர்டு கோர்ட்டினாவிலும் ஜிடி. கூடுதலாக ஒரு கடிகாரமும் கோடுபோட்ட பெயின்ட்டும் இருந்தால் போதும் என்றாகிவிட்டது. அசல் ஜிடிஓ-வின் நிலையும் அன்று பெருமையாக இல்லை. ஒன்று டெக்ஸஸில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் மெக்கானிக் வகுப்புக்குத் தானமாகப் போய், 1972-ல் 6,500 டாலருக்கு விலைபோய், ஒஹையோவில் டிரெய்லர் மேல் வெயிலிலும் பனியிலும் பல ஆண்டு கிடந்தது. 2018-ல் வேறொரு 250 ஜிடிஓ 4.84 கோடி டாலருக்கு ஏலம் போனது.

1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வந்தது. சில மாதங்களில் கச்சா எண்ணெய் விலை நாலு மடங்கு. லிட்டருக்கு நாலைந்து கிலோமீட்டர் கொடுக்கிற இன்டர்செப்டரை யார் வாங்குவார்? ஐசோ 1974-ல் மூடியது, ஜென்சன் 1976-ல். டேவிட் பிரவுன் அதற்கு முன்பே, 1972-ல் டிராக்டர் தொழிலையும் ஆஸ்டன் மார்ட்டினையும் கைகழுவிவிட்டார். பழைய கார் சந்தையில் ஜிடிக்கள் கொட்டிக் கிடந்த காலம் இது. புதிதாக ஒரு சின்ன கார் வாங்கும் காசுக்குப் பன்னிரண்டு சிலிண்டர். விலை இறங்கியது, உதிரிபாகத்தின் விலை இறங்கவில்லை. சூட்சுமம் முழுக்க இதில்தான். காரை வாங்குவது இன்றைய விலைக்கு. அதன் பிரேக் டிஸ்க்கும் கியர்பாக்ஸும் வாங்குவது அது புதிதாக இருந்த நாளின் தகுதிக்கு. யானைப் பசிக்குச் சோளப்பொறி போட்டுச் சமாளிக்கலாம் என்று நம்பியவர்களின் கொட்டகைகளில்தான் பாதி ஜிடிக்கள் தார்ப்பாய் போர்த்தி நின்றன.

ஃபோக்ஸ்வாகன் 1998-ல் பென்ட்லியை வாங்கி, 2003-ல் கான்டினென்டல் ஜிடியைக் கொண்டுவந்தது. ஆறு லிட்டர், 12 சிலிண்டர், இரட்டை டர்போ, 552 குதிரைத்திறன். கைவேலைப்பாட்டை மட்டும் நம்பிய பென்ட்லி முதல்முறையாக ஆண்டுக்குப் பல ஆயிரம் கார்கள் விற்றது. ஆயிரக்கணக்கில் விற்றதால் ஆயிரக்கணக்கில் பழசாகவும் ஆனது. இங்கிலாந்தில் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் போன கார், இருபது ஆண்டில் அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவாகக் கிடைக்கிறது.

வாங்கியவருக்கு என்ன காத்திருக்கிறது? W வடிவில் நெருக்கி அடுக்கிய இன்ஜின் என்பதால் கைவிட இடமில்லை. டர்போவைத் தொடவும், உள்ளே வெடித்துப்போன ரப்பர் குழாயை மாற்றவும், ‘இன்ஜினை இறக்கணும்’ என்பார் மெக்கானிக். குழாயின் விலை சில நூறு, இறக்கி ஏற்றும் கூலி பல ஆயிரம் பவுண்ட். டிக்கியில் இரண்டு பேட்டரி. ஒன்று ஸ்டார்ட் செய்ய, இன்னொன்று மற்ற மின்சாதனங்களுக்கு. ஓட்டாமல் சில வாரம் நிறுத்திவைத்தால் இறங்கிவிடும், பின்னாலேயே வரிசையாக எச்சரிக்கை விளக்குகள் எரியும். அதனால் இந்தக் கார் வைத்திருக்கிறவர்கள் வீட்டில் சார்ஜரை எப்போதும் செருகியே வைத்திருப்பார்கள். ஒரு சலுகையும் உண்டு: அடியில் உள்ள பல பாகங்கள் ஃபோக்ஸ்வாகன் ஃபைடான் காருடையவை. பாகத்தில் பதித்திருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தவர், பென்ட்லி டப்பாவில் வராத அதே பொருளைக் குறைந்த விலையில் வாங்கிவிடுகிறார். கிளட்சைப் பிரித்துப் பார்த்த லம்போர்கினியின் வேலையை இப்போது சாதாரண சொந்தக்காரர்கள் செய்கிறார்கள்.

அந்த W வடிவ இன்ஜினின் உற்பத்தியை பென்ட்லி 2024 ஜூலையில் நிறுத்தியது.

இதற்கிடையே ஜிடி என்ற பெயர் நம் பக்கமும் வந்துவிட்டது. செங்கல்பட்டு மகிந்திரா சிட்டியில் 2007 முதல் இயங்கும் பிஎம்டபிள்யூ ஆலையில், 2018-லிருந்து 6 சீரிஸ் கிரான் டூரிஸ்மோ பூட்டப்பட்டது. இரண்டு கதவுக் கூபேயும் இல்லை, பந்தயச் சாயலும் இல்லை; நாலு கதவு, அகலமான பின்னிருக்கை, டிரைவர் வைத்து ஓட்டுகிற முதலாளிகளுக்கான வண்டி. சீமானை நாற்காலியில் வைத்துத் தூக்கிய காலத்துக்கு இது ஒருவிதத்தில் பக்கம்தான். முதல் சொந்தக்காரர்கள் கைகழுவிய வண்டிகள் இப்போது யூஸ்டு கார் கடைகளில் நிற்கின்றன. இவற்றில் இருப்பது ஏர் சஸ்பென்ஷன், அதாவது ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றடைத்த ரப்பர் பை. வயதாக ஆக ரப்பரில் நுண்ணிய வெடிப்பு விழும். காற்று மெல்லக் கசிந்து, இரவெல்லாம் நின்ற வண்டி தாழ்ந்துவிடும். அதை ஈடுகட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும், கடைசியில் அதுவும் போகும். ஸ்டார்ட் செய்த அரை நிமிடத்தில் வண்டி நிமிர்ந்துகொள்வதால் கடைக்காரர் முன்கூட்டியே ஓடவிட்டு வைத்திருந்தால் ஒன்றும் தெரியாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் முந்தின நாளே போன் செய்து, “அண்ணே, நான் வர்ற வரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க” என்று சொல்லி வைக்கிறார்கள். காலையில் போனதும் போனட்டைத் திறக்கச் சொல்வதில்லை. நாலு சக்கரத்துக்கும் மேலே உள்ள இடைவெளியில் விரலை வைத்து அளக்கிறார்கள்.