மலையே மூலவர்

1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தாலுகா தமிழகத்தோடு சேர்ந்ததையும், பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தோடு நின்றுவிட்டதையும் சென்ற இதழில் பார்த்தோம். ஊர்களைப் பிரித்தார்கள், அந்த ஊர்களுக்குத் தண்ணீர் தந்த தெய்வத்தைப் பிரிக்க முடியவில்லை. அந்தத் தெய்வம் 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடம். அதன் சரிவுகளில் பிறக்கும் நெய்யாறு நெய்யாற்றின்கரை வழியாகப் பூவாறில் கடலைச் சேர்கிறது. இதே மலைத்தொடரின் கிழக்குப் பக்கம் பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி நெல்லையை வாழவைக்கிறது.

உச்சியில் இருப்பது அகத்தியர் சிலை மட்டும்தான். கோபுரமோ மதிலோ கிடையாது. எல்லையின் இரு பக்கமும் வாழும் காணி மக்களுக்கு அகத்தியர் குலமுனி. கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசி, சாற்று என்னும் சடங்குப் பாட்டைப் பாடி, அவர்களின் பூசாரியான பிலாத்தி மலைத் தெய்வங்களை அழைப்பார். ஜப்பானின் நாராவிலுள்ள ஓமிவா ஷிண்டோ ஆலயத்திலும் மூலவருக்கெனத் தனிக் கருவறை இல்லை. பின்னாலிருக்கும் மிவா மலையையே தொழுகிறார்கள். கடல்கள் தாண்டியும் மனித மனம் ஒரே வழியில் நடந்திருப்பதை நினைத்தால் எனக்குச் சிலிர்க்கிறது.

1850-களில் திருவிதாங்கூர் அரசின் வானியலாளர் ஜான் ஆலன் புரௌன் அகத்தியர்கூடத்தின் உச்சியிலேயே ஓர் ஆய்வுக்கூடம் அமைத்தார். அட்டையும் மழையும் நிறைந்த காட்டில் கருவிகளை மேலே ஏற்றியதே பெரும் சாதனை.

பெண்களுக்கு மட்டும் உச்சிக்குப் போகும் வழி நெடுங்காலம் அதற்குக் கீழுள்ள அதிருமலை முகாமோடு முடிந்தது. கேரள உயர் நீதிமன்றம் 2018 நவம்பரில் அந்தத் தடையை நீக்கியது. 2019 ஜனவரியில் தன்யா சனல் என்ற பெண் உச்சியை அடைந்தபோது, மலையேற்றம் தொடங்கும் போனக்காட்டில் காணி மக்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். அகத்தியர் பிரம்மச்சாரி என்பது அவர்கள் சொன்ன காரணம். நம் புராணங்களோ லோபாமுத்திரையை அவர் மனைவி என்கின்றன. ஃபூஜி மலையின் செங்கென் ஆலயங்களில் குடிகொண்டிருப்பது ஒரு பெண் தெய்வம். அங்கும் 1872-ல்தான் பெண்கள் மீதான தடையை ஜப்பானிய அரசு விலக்கியது. தீர்ப்பு நியாயமானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இந்தக் காட்டைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்களிடம் முதலில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்றும் மனம் வலிக்கிறது. அவர்களுக்கு அது சுற்றுலா இடமல்ல, பாட்டன் வீடு.

இதே மலையில் பிறந்த தண்ணீரை விளவங்கோட்டு வயல்களுக்குக் கொண்டுவர வெட்டிய நெய்யாறு இடதுகரைக் கால்வாய் ஏன் வறண்டது? அடுத்த இதழில்.