ஓலை வாசிக்கப்படாத காதல்கள்

இராஜாக்கமங்கலத்தில் ஒரு கல்யாணம் ஊருக்குத் தெரியாமல் நடந்துவிடாது. மாப்பிள்ளையைப் பற்றி அவன் வேலை செய்யும் இடத்தில் கேட்பார்கள், அவன் ஊரில் நமக்கு யார் சொந்தம் என்று தேடிப்பிடித்துக் கேட்பார்கள். இராஜாக்கமங்கலம் துறைப் பக்கத்துக் கடலோர ஊர்களில், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று கிறிஸ்தவக் கோவிலில் ஓலை வாசிப்பார்கள். தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல அது கடைசி வாய்ப்பு. இந்த விசாரணையோடு சாதியும் சீதனமும் சேர்ந்தே வரும் என்பதால்தான் பல பிள்ளைகள் மனதுக்குப் பிடித்ததைப் பற்றி வீட்டில் வாய்திறப்பதில்லை. இணையத்தில் காதல் பேசி ஏமாற்றுகிறவன் குடியேறுவது அந்த மௌனத்துக்குள்தான். அவன் முதலில் கேட்பது பணத்தை அல்ல. “வீட்ல இப்போ சொல்லாண்டாம்” என்ற ஒரு வாக்குறுதியைத்தான்.

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று நம் பக்கத்திலேயே நடந்தது. நாகர்கோவிலைச் சேர்ந்த ஓர் இளைஞன் சமூக வலைத்தளங்களில் பெண்களிடம் பழகினான். நெருக்கமான படங்களையும் வீடியோக்களையும் எடுத்து வைத்துக்கொண்டு மிரட்டினான். 2020 ஏப்ரலில் சென்னையைச் சேர்ந்த பெண் மருத்துவர் ஒருவர் புகார் கொடுத்த பிறகுதான் அவன் கைதானான். அந்த ஒரு புகாருக்குப் பின் மற்றவர்களும் முன்வந்தார்கள், வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. 2023 ஜூனில் நாகர்கோவில் மகளிர் நீதிமன்றம் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. இந்த வழக்கில் என்னை உலுக்குவது அந்த வரிசைதான். பாதிக்கப்பட்ட ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி நடந்தது என்று நினைத்திருப்பார். அப்படி அவர்கள் நினைத்திருந்தவரை அவனுக்கு ஒரு பயமும் இருக்கவில்லை.

மற்றது முகமே இல்லாத ஏமாற்று. திருமணத் தகவல் தளத்தில் ஒரு விதவையிடமோ, கல்யாண வயது கடந்த ஓர் ஆணிடமோ லண்டன் டாக்டர் என்று ஒருவர் அறிமுகமாகிறார். படம் வேறு யாருடையதோ. காலையில் வணக்கம், இரவில் சாப்பிட்டாயா என்ற கேள்வி. வீடியோவில் வரச் சொன்னால் மட்டும் கேமரா கெட்டிருக்கும். சில வாரத்தில் ஒரு பரிசுப் பார்சல் கிளம்புகிறது. அடுத்து டெல்லி விமான நிலையச் சுங்கத்துறை என்று ஒரு போன்: பெட்டிக்குள் வெளிநாட்டுப் பணம் இருக்கிறது, கட்டணம் கட்டுங்கள். கட்டினால் அபராதம், அதையும் கட்டினால் வரி, பிறகு வழக்கு வராமலிருக்க இன்னொரு தொகை. போடச் சொல்வது எப்போதும் ஒரு தனிநபர் கணக்கில். சுங்கத்துறை அப்படி வாங்குவதே இல்லை. அதன் கடிதங்களில் 2019 நவம்பர் முதல் ‘டின்’ எனப்படும் ஆவண அடையாள எண் இருக்கும். துறையின் இணையதளத்திலேயே அதைச் சரிபார்க்கலாம்.

இரண்டையும் பக்கத்தில் வைத்தால், காப்பாற்றும் வழியும் இரண்டு என்பது தெரிகிறது. பார்சல் மோசடியில் நாழிகைதான் எல்லாம். பணம் ஒரு வாடகைக் கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைத்தால் வங்கிகள் வழியில் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. மறுவாரம் அழைத்தால் அந்தக் கணக்கில் ஒன்றும் இருக்காது. மிரட்டலிலோ பணம் கொடுத்தாலும் படம் அவனிடமே இருக்கிறது, ஆகவே கொடுக்கக் கொடுக்கக் கேட்பான். இங்கே வேண்டியது உரையாடல்களை அழிக்காமல் வைத்திருப்பதும், புகார் கொடுப்பதும், கூட நிற்க ஓர் ஆளும். பதினெட்டு வயது கடந்தவர்களுக்கு ‘ஸ்டாப் என்சிஐஐ’ என்றொரு இலவச வசதி இருக்கிறது. படம் நம் போனை விட்டு வெளியே போகாது. அதன் எண்வடிவக் குறி மட்டும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போய், அதே படம் அங்கே ஏறாமல் தடுக்க உதவும்.

முகமில்லாத அந்த வலைக்குப் பின்னால் இருப்பவர்களிலும் பலர் விரும்பி உட்கார்ந்தவர்கள் அல்ல. மியான்மரில் குறைந்தது 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் 1,00,000 பேரும் இப்படி மோசடி வேலையில் கட்டாயமாக வைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவடியில் சிக்கிய தமிழர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை வந்து இறங்கினார்கள். வெளிநாட்டு வேலை என்றால் வீட்டை அடகு வைத்தும் அனுப்பும் நம் குமரி மாவட்டத்தில், ஏமாறுகிற அக்காவும் ஏமாற்ற வைக்கப்படுகிற தம்பியும் ஒரே தெருக்காரர்களாக இருக்க முடியும். இரண்டு பேரிடமும் ஒரு முகமறியாதவன் இனிமையாகப் பேசித்தான் தொடங்கியிருப்பான்.

இரண்டு வகையிலும் குற்றவாளிக்குக் காவல் நிற்பது நம் வாய்தான். “உனக்கு எங்கே போச்சு புத்தி” என்று வீட்டில் கேட்கப்படும் என்று தெரிந்த பெண் சொல்ல மாட்டாள். பணத்தை இழந்த ஐம்பது வயது ஆணும் சொல்ல மாட்டார். சட்டம் இதில் நம்மைவிட முன்னால் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 69ஆவது பிரிவு, நிறைவேற்றும் எண்ணமின்றித் திருமண ஆசை காட்டியோ அடையாளத்தை மறைத்துத் திருமணம் செய்தோ உடலுறவு கொள்வதற்குப் 10 ஆண்டு வரை சிறை என்கிறது. பாலியல் குற்றத்துக்கு ஆளானவரின் பெயரை வெளியிடுவதே 72ஆவது பிரிவின்படி குற்றம். குற்றம் எந்த ஊர் எல்லையில் நடந்திருந்தாலும் பக்கத்துக் காவல் நிலையத்தில் புகாரை ஏற்றாக வேண்டும். நாகர்கோவில் வரை தனியாகப் போகத் தயங்குகிற பிள்ளையோடு பஸ் ஏறிப் போக ஒரு சித்தியோ மாமாவோ கிளம்பினால் அதுவே பாதி வேலை.