வேட்டைக்காரர் கற்ற கானக மொழி

செங்கத்து நன்னனைப் பாடிய மலைபடுகடாம், மலையை யானையாகவும் அதில் எழும் பல்வகை ஒலிகளை அதன் மதமாகவும் உருவகித்துப் பெயர் பெற்ற நூல். அது போற்றும் நவிரமலை ஜவ்வாது மலைத்தொடரைச் சார்ந்தது என்பர். வட தமிழகத்து மலைச்சாரல்களில், புலியோடு பொருது மாண்டவர்க்கு நடுகல் எடுத்தனர் நம் முன்னோர். புலி அன்று பகை. அதனை எதிர்த்தவன் வீரன்.

இம்மலைகளின் ஒலிகளை 20ஆம் நூற்றாண்டில் கூர்ந்து கேட்டவர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974). ஸ்காத்லாந்து வழிவந்த குடும்பத்தினர், பெங்களூரில் வாழ்ந்தவர், தமிழும் கன்னடமும் பேசியவர். 1939 முதல் 1966 வரை அவர் 8 ஆட்கொல்லிச் சிறுத்தைகளையும் 7 ஆட்கொல்லிப் புலிகளையும் சுட்டதாக அரசுப் பதிவுகள் கூறுகின்றன. ஜவ்வாது மலைக்கு அண்மையிலுள்ள ஏலகிரியின் ஆட்கொல்லிச் சிறுத்தையைப் பற்றி, 1959இல் வெளிவந்த தம் நூலில் எழுதியுள்ளார். கானகக் கல்வியில் அவருக்கு ஆசானாக விளங்கியவர் பைரா என்னும் காட்டுவாசி. அந்நன்றியை ஆண்டர்சன் மறைத்தாரல்லர். பைராவின் பெயராலேயே ஓர் அத்தியாயம் எழுதினார்.

அவருடைய முதல் நூல் 1954இல் வெளிவந்தது. அதில் வரும் ஜவளகிரிப் பெண்புலியின் கதை நெஞ்சை உலுக்குவது. அதன் இணையை மனிதர் சுட்டனர். துணையைத் தேடிக் கதறிய அதுவும் குண்டடி பட்டது. அதன் பின்னரே ஆட்கொல்லியாயிற்று. ஆண் புலியின் குரலைத் தம் வாயால் எழுப்பி, அதனை அருகழைத்துச் சுட்டார் ஆண்டர்சன். மக்களைக் காக்க அது வேண்டியதாயிருக்கலாம். ஆயினும் அழைத்தது காதலின் குரல், காத்திருந்தது துப்பாக்கி.

ஆட்கொல்லியாகப் பிறக்கும் விலங்கு எதுவுமில்லை. குறிதவறிய குண்டும் முள்ளம்பன்றியின் முள்ளும் முதுமையுமே பெரும்பாலும் அதனை அந்நிலைக்குத் தள்ளுகின்றன. குமாவூன் மலைகளில் ஜிம் கார்பெட் கண்ட இவ்வுண்மையைத் தென்னாட்டில் ஆண்டர்சனும் கண்டார். விலங்கை வீழ்த்தக் கற்ற மொழி, அதன் துயரையும் அவருக்கு உணர்த்தியது. பிற்காலத்தில் பொழுதுபோக்கு வேட்டையைக் கண்டித்தார். காட்டைக் காக்க வேண்டுமென எழுதினார். துப்பாக்கியினும் ஒளிப்படக் கருவியே மேலென்றார்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் 1973இல் புலிகள் பாதுகாப்புத் திட்டமும் பிறந்தன. அவற்றைக் கண்டபின், 1974இல் அவர் மறைந்தார். அவர் நடந்த கிருஷ்ணகிரி, தருமபுரிக் காடுகளின் பெரும்பரப்பு 2014இல் காவிரி வடக்குச் சரணாலயமாகவும், 2022இல் காவிரி தெற்குச் சரணாலயமாகவும் அறிவிக்கப்பட்டது.

புலியோடு பொருதவனுக்குக் கல் நட்டது அன்றைய அறம். புலிக்காகப் பேசியவனையும் நினைவில் நிறுத்துவது இன்றைய அறம். குறிஞ்சியைப் பாடும் கவிஞர், மலையின் ஒலிகளுள் எவை எஞ்சியுள்ளன என்பதையும் செவிகொடுத்துக் கேட்டல் வேண்டும்.