காவல் தலைவரே நகரத் தலைவராக விளங்கிய காலம்

தீபாவளி நெருங்கினாலும் சரி, கிறிஸ்துமஸ் பருவம் வந்தாலும் சரி, கொல்கத்தாவில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் லிண்ட்சே தெருவிலுள்ள நியூ மார்க்கெட்டுக்கு ஒருமுறையேனும் செல்லாமல் இருப்பதில்லை. மணிக்கூண்டுடன் நிற்கும் அச்செங்கற் கட்டடத்தின் முறையான பெயர் 'ஸர் ஸ்டூவர்ட் ஹாக் மார்க்கெட்' என்பதாகும். அந்த ஹாக் யார் என்று வினவினால் விடை கூறுவோர் சிலரே. இந்நகரின் போலீஸ் கமிஷனர் பதவியையும் நகரசபைத் தலைவர் பதவியையும் ஒருங்கே வகித்த ஆங்கிலேயர் அவர்.

இவ்வாறு இரு பதவிகள் ஒருவரிடம் சேர்ந்தது எங்ஙனம்? 1856-ஆம் ஆண்டில் கல்கத்தாவின் போலீஸ் தனி அமைப்பாயிற்று. கமிஷனர் பதவியும் அப்போது தோன்றியது. 1863-ஆம் ஆண்டுச் சட்டம் நகர நிர்வாகத்தை 'ஜஸ்டிஸ்கள்' எனப்பட்ட நியமன உறுப்பினரிடம் ஒப்படைத்தது. அவர்களுக்குத் தலைவரை அமர்த்தும் உரிமை அரசாங்கத்தினுடையது. மக்களின் வாக்கு எங்கும் தேவைப்படாத அக்காலத்தில், திருடனைப் பிடிப்பவரே தெருவையும் பெருக்கச் செய்யட்டும் என்று அரசாங்கம் கருதியதில் வியப்பில்லை.

ஹாக் திறமையற்றவர் என்று எவரும் கூற இயலாது. 1868-இல் ஆம்ஹர்ஸ்ட் தெருவில் ஒரு பெண் கொலையுண்டாள். துப்புத் துலக்குவதற்கென்றே பயின்றோர் வேண்டும் என்பதை அவ்வழக்கு உணர்த்திற்று. அதே ஆண்டு நவம்பரில் ஹாக் துப்பறியும் பிரிவைத் தோற்றுவித்தார். நகரசபையிலும் அக்காலத்தில் பெரும்பணிகள் நடந்தேறின. பல்தாவில் ஹூக்ளி நதியின் நீரை வடிகட்டி, 1870-ஐ ஒட்டிக் குழாய் வழியே நகருக்குக் கொணர்ந்தனர். ஆசாரத்துக்கு அது அடுக்குமா என்று தயங்கியவர்களும் நாளடைவில் அக்குழாயையே நாடினர். ரிச்சர்டு பேன் என்பவரின் திட்டப்படி எழுந்த புதிய சந்தை 1874 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. 1903-இல் அதற்கு ஹாக்கின் பெயரைச் சூட்டினர்.

ஆயினும் நன்மை செய்வது வேறு. நாம் விரும்பும் நன்மை எதுவென்று நம்மைக் கேட்பது வேறு. வரி செலுத்தியவர் ஊரார். அவ்வரியைச் செலவிட்டவரோ ஊராருக்கு விடை கூறக் கடமைப்படாதவர். மேலும், அவரை எதிர்த்துப் பேசுவோர் போலீஸ் கமிஷனரையே எதிர்த்துப் பேசுவோர் ஆயினர்.

1876-ஆம் ஆண்டில் புதிய சட்டம் பிறந்தது. உறுப்பினர் 72 பேரில் 48 பேரை வரி செலுத்துவோரே தேர்ந்தெடுக்கலாயினர். இந்த உரிமையும் நிலைக்கவில்லை. 1899-ஆம் ஆண்டுச் சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் செல்வாக்கைக் குறுக்கவே, சுரேந்திரநாத் பானர்ஜி உள்ளிட்ட 28 பேர் பதவியைத் துறந்து வெளியேறினர். அதே சுரேந்திரநாத் மந்திரியாகி, 1923-இல் புதிய நகரசபைச் சட்டத்தை நிறைவேற்றினார். அதன்படி 1924-இல் தேசபந்து சித்தரஞ்சன் தாஸ் கல்கத்தாவின் முதல் மேயரானார்.

நகரசபையின் தலைமை நிர்வாக அதிகாரியாக அமர்ந்த சுபாஷ் சந்திர போஸை அவ்வாண்டு அக்டோபரிலேயே போலீஸார் கைது செய்தனர். 1930-இல் அவர் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டபோதும் சிறையிலேயே இருந்தார். விடுதலையாகி வந்த அவர், 1931 ஜனவரி 26 அன்று சுதந்திர தின ஊர்வலத்தைத் தலைமை தாங்கி நடத்தினார். நகரின் மேயர் என்றும் பாராமல் போலீஸ் தடி அவர் மீது பாய்ந்தது. காயத்துடனேயே அவர் மீண்டும் சிறை புகுந்தார்.

காலத்தின் விந்தைதான் என்னே! போலீஸ் தலைவரே நகரத் தலைவராக வீற்றிருந்த ஊரில், அறுபது ஆண்டுகள் கழித்து நகரத் தலைவர் போலீஸாரிடம் அடிபட்டார். முன்னவர் அரசாங்கத்தின் ஆணையால் அமர்ந்தவர். பின்னவர் மக்களின் பிரதிநிதிகளால் அமர்ந்தவர். அடிபட்ட நாளிலும் நகரம் பின்னவரையே தன்னவராகக் கொண்டது.

1985-இல் நேர்ந்த தீயில் ஹாக்கின் சந்தையில் ஒரு பகுதி அழிந்து, மீண்டும் எழுந்தது. அடுத்தமுறை குழந்தைகளுடன் அங்குச் செல்லும்போது அக்கட்டடத்தைச் சற்றே நின்று நோக்குவோம். நீரும் சந்தையும் தந்தவரை மறவாதிருப்பது நன்றி. நம்மைக் கேட்டு நடத்தும் நகரசபைக்காகத் தடியடி பட்டவரை மறவாதிருப்பது நம் கடமை.