நச்சுநீக்க மரபணுக் குடும்பங்கள்

உடலுக்குள் நுழையும் நஞ்சைச் சிதைக்கும் நொதிகளை உருவாக்கும் மரபணுத் தொகுதிகள் நச்சுநீக்க மரபணுக் குடும்பங்கள் எனப்படும். மனிதன் உட்படப் பெரும்பாலான உயிரினங்களில் இவை உண்டு. பூச்சிகள் மருந்துக்குக் கட்டுப்படாமல் போவதற்கு இவை முக்கியக் காரணம் என்பதால், பருத்தியும் தென்னையும் விளையும் கொங்கு நாட்டு வேளாண்மையில் இவற்றுக்குத் தனி முக்கியத்துவம் உண்டு.

வகைகள்

சைட்டோகுரோம் பி450 நொதிகள் நச்சு மூலக்கூறில் ஆக்சிஜன் அணுவைச் சேர்க்கின்றன. எஸ்டரேஸ்கள் பைரித்ராய்டு போன்ற மருந்துகளின் எஸ்டர் பிணைப்பை அறுக்கின்றன. குளூட்டாதயோன் டிரான்ஸ்ஃபரேஸ்கள் குளூட்டாதயோனை இணைத்து, நஞ்சை நீரில் கரைந்து வெளியேறச் செய்கின்றன. பருத்தியின் பச்சைக்காய்ப்புழுவில் பி450 மரபணுக்கள் மட்டும் நூற்றுக்கு மேல் உள்ளன.

தோற்றம்

ஒரு மரபணு இரட்டிப்பாகும்போது ஒரு படி பழைய வேலையைத் தொடரும். மற்றது மாறிப் புதிய வேலைக்குப் பழகலாம். செடி தின்னும் பூச்சிகளில் செடிகளின் நஞ்சை எதிர்கொண்டு இக்குடும்பங்கள் பெருகின. பருத்தி இலையில் தெரியும் கரும்புள்ளிகள் கோசிபால் நஞ்சைச் சுரப்பவை. அதைத் தின்ற பச்சைக்காய்ப்புழுவில் சிஒய்பி6ஏஇ14 என்ற மரபணு கூடுதலாக இயங்குவதைச் சீன ஆய்வாளர்கள் 2007இல் காட்டினர். மருந்து அடிக்கும் வழக்கம் வருமுன்பே புழுவிடம் ஆயுதம் இருந்தது.

எதிர்ப்புத்திறன்

1980களில் பைரித்ராய்டு மருந்துகள் இந்தியப் பருத்தியில் பரவின. 1987இல் ஆந்திரத்தில் திரும்பத் திரும்ப அடித்தும் பச்சைக்காய்ப்புழு சாகாமல் பயிர் அழிந்தது. ஆஸ்திரேலியப் புழுக்களில் இரண்டு பி450 மரபணுக்கள் ஒட்டி உருவான சிஒய்பி337பி3, ஃபென்வலரேட் என்ற பைரித்ராய்டு மருந்தைச் சிதைப்பது 2012இல் தெரியவந்தது. எல்லா எதிர்ப்பும் இவ்வழியில் வருவதில்லை: புழுவைக் கொல்லும் நச்சைத் தானே உருவாக்கும் பிடி பருத்தியைத் தாங்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழுவில் அந்த நச்சு ஒட்டும் கேதரின் புரதம் மாறியிருக்கிறது.

கண்டறிதல்

எதிர்ப்பைக் கண்டறியப் புழுவின் முதுகில் ஒரு மைக்ரோலிட்டர் மருந்துத் துளி வைத்து இறப்பைக் கணக்கிடுவர். பி450ஐ முடக்கும் பைப்பரோனைல் பியூட்டாக்சைடை முதலில் தடவியபின் அதே அளவு மருந்துக்குக் கூடுதல் புழுக்கள் செத்தால், அக்குடும்பத்துக்கு எதிர்ப்பில் பங்குண்டு.

மேலாண்மை

ஒரே வகை மருந்தைத் தொடர்ந்து அடித்தால், அதைச் சிதைக்கவல்ல புழுக்களே பிழைத்துப் பெருகும். செயல்படும் விதம் வேறான மருந்துகளைச் சுழற்சியாகப் பயன்படுத்துவதும், தேவையின்றி அடிக்காமலிருப்பதும் அவசியம். 2016இல் பொள்ளாச்சித் தென்னையில் கண்டறியப்பட்ட ரூகோஸ் சுருள் வெள்ளை ஈக்கு ரசாயன மருந்தைத் தவிர்த்து என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவியைக் காக்கும்படி வேளாண் அறிவியலாளர்கள் அறிவுறுத்துகின்றனர். ஈயின் உடலுக்குள் வளர்ந்து அதைக் கொல்லும் இந்தக் குளவியை மருந்து முதலில் அழித்துவிடும். ஈயோ மீண்டும் பெருகும்.