எந்தக் கணக்கு? கொல்லங்கோட்டு எல்லையிலிருந்து ஒரு செலாவணி வரலாறு

அண்மையில் கொல்லங்கோட்டைச் சேர்ந்த முதுகலை மாணவர் ஒருவர் என்னிடம் ஓர் ஐயம் கேட்டார். அவருடைய அண்ணனுக்குத் துபாயில் வேலை கிடைத்திருக்கிறது. வங்கிக்குச் சென்றால் என்.ஆர்.ஈ., என்.ஆர்.ஓ., எஃப்.சி.என்.ஆர். என மூன்று வகைக் கணக்குகளைச் சொல்கிறார்கள். “எதில் ஐயா வட்டி அதிகம்?” என்பதே அவருடைய கேள்வி.

பலரும் இதனை வட்டியைப் பற்றிய கேள்வியாகவே காண்கின்றனர். வரலாற்று மாணவர் கேட்க வேண்டியது வேறு. இரு நாணயங்களுக்கு இடையிலான மாற்று விகிதம் திடீரெனப் புரளும்போது அந்த இழப்பு யார் தலையில் விழுகிறது? இம்மூன்று கணக்குகளும் அந்த ஒரு கேள்விக்கு வெவ்வேறு காலங்களில் எழுதப்பட்ட விடைகள் என்பதே இப்பதிவின் கருத்து.

கேள்வி கொல்லங்கோட்டிலிருந்து வந்தது பொருத்தமே. 1956 நவம்பர் 1 வரை அவ்வூர் சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்தது. அதனை அடுத்த சித்தூர் கொச்சி அரசுக்கு உரிய நிலம். தெற்கே மலைத்தொடரைக் கடந்தால், இன்றைய இடுக்கி மாவட்டத்தின் தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரின் ஆட்சியில் இருந்தன. கடல் கடக்காமலேயே அயல் நாணயத்தைச் சந்தித்த நிலப்பகுதி இது.

திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம். 28 சக்கரம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். ஆனால் பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு 28 சக்கரமும் 8 காசும் கொடுக்க வேண்டும். பெயர் ஒன்று, ரூபாய் இரண்டு. வேறுபாடு அரைச் சக்கரம்தான். நூற்றுக்கு இரண்டுக்கும் குறைவு. எனினும் கம்பத்திலிருந்தோ போடியிலிருந்தோ மலையேறிச் சக்கரத்தில் கூலி பெற்று, ஊரில் பிரிட்டிஷ் ரூபாயில் கடன் அடைக்க வேண்டிய ஒருவருக்கு அந்த அரைச் சக்கரம் ஒவ்வொரு ரூபாயிலும் கழிந்தது. காசுக்கடைக்காரர் எடுத்துக்கொள்ளும் ‘வட்டம்’ என்னும் மாற்றுக்கழிவு அதற்கு மேல். நாணய வேறுபாட்டின் சுமையை எல்லையைக் கடந்தவரே சுமந்தார். இது முதல் விடை.

இரண்டாம் விடை உண்டியல். இரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு ஆகிய நகரங்களில் வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் இதில் தேர்ந்தவர்கள். அனுப்புபவர் அங்குள்ள நாணயத்தைக் கொடுப்பார். உறவினர் இங்குள்ள நாணயத்தைப் பெறுவார். விகிதம் முன்கூட்டியே பேசப்பட்டுவிடும். இடையில் விகிதம் மாறினால் அது வணிகரின் இலாபம் அல்லது நட்டம். அதற்கான விலையையும் அவர் விகிதத்திலேயே சேர்த்திருப்பார். இரண்டாம் உலகப்போரின்போது அரசு செலாவணிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. 1947-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் அதனை நிலைப்படுத்தியது. மதிப்பிற்குரிய வணிக ஆவணத்தைக் குறித்த ‘உண்டியல்’ என்னும் சொல் இன்று சட்டவிரோதப் பணப்பரிமாற்றத்தைக் குறிப்பதற்குப் பின்னால் இந்தச் சட்ட மாற்றமே இருக்கிறது. தொழில்முறை பெரிதும் மாறவில்லை. அரசின் பார்வை மாறியது.

மூன்றாம் கட்டம் வளைகுடாவில் தொடங்குகிறது. 1950-களில் குவைத், பஹ்ரைன், கத்தார், இன்றைய அமீரகப் பகுதிகள் ஆகியவற்றில் இந்திய ரூபாயே புழங்கியது. தங்கக் கடத்தலால் இந்தியாவின் அந்நியச் செலாவணி இருப்புக் கரைவதைத் தடுக்க, 1959-இல் ரிசர்வ் வங்கி அப்பகுதிக்கெனத் தனி நோட்டுகளை வெளியிட்டது. வளைகுடா ரூபாய் எனப்படுவது அதுவே. குவைத் 1961-இலும் பஹ்ரைன் 1965-இலும் தத்தம் தினாருக்கு மாறின. 1966 ஜூன் 6 அன்று இந்தியா ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்த விகிதம் 7.50 ஆயிற்று; டாலர் அளவில் ரூபாய் ஒரே நாளில் 36.5 விழுக்காடு மதிப்பிழந்தது. கத்தாரும் துபாயும் அவ்வாண்டிலேயே ரூபாயைக் கைவிட்டன. ஓமன் 1970 வரை தொடர்ந்தது. தங்களுடைய சேமிப்பின் மதிப்பு டெல்லியில் எடுக்கும் ஒரு முடிவால் குறையக்கூடும் என்பதை வளைகுடா நாடுகள் கற்றுக்கொண்ட ஆண்டு அது.

1970-இல் இந்தியா என்.ஆர்.ஈ. கணக்கை அறிமுகப்படுத்தியது. அயல்நாட்டில் ஈட்டிய பணத்தை இங்கே ரூபாயில் வைக்கலாம். வேண்டும்போது முதலையும் வட்டியையும் திரும்ப வெளியே கொண்டுசெல்லலாம். ஆனால் கணக்கு ரூபாயில் உள்ளது. ரூபாய் சரிந்தால் டாலர் அளவில் இழப்பு வைப்பாளருக்கே.

1973-இன் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பின் வளைகுடாவில் வேலைகள் பெருகின. 1975-இல் எஃப்.சி.என்.ஆர்.(ஏ) திட்டம் வந்தது. பவுண்டிலோ டாலரிலோ வைப்பு வைக்கலாம். 1988-இல் ஜெர்மன் மார்க்கும் ஜப்பானிய யென்னும் சேர்க்கப்பட்டன. எந்த நாணயத்தில் வைத்தாரோ அதே நாணயத்தில் வைப்பாளர் திரும்பப் பெற்றார். இடையில் ரூபாய் சரிந்தால்? அந்தச் சுமையை ரிசர்வ் வங்கி ஏற்றுக்கொண்டது. எல்லையைக் கடந்தவர் சுமந்ததை, பின்பு வணிகர் சுமந்ததை, இப்போது அரசு சுமந்தது.

இதன் விலை 1990-91-இல் தெரிந்தது. நெருக்கடி முற்றியபோது அயலக வைப்புகள் வெளியேறத் தொடங்கின. 1991-இல் இந்தியா தங்கத்தை அயல்நாடுகளில் ஈடுவைத்துக் கடன் பெற்றது. ரிசர்வ் வங்கி அனுப்பியது மட்டும் ஏறத்தாழ 47 டன். அவ்வாண்டு ஜூலை 1, 3 ஆகிய நாள்களில் இரு தவணைகளாக ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டது. எஃப்.சி.என்.ஆர். வைப்பாளரின் டாலர் குறையவில்லை. குறையாமல் காத்த செலவு ரிசர்வ் வங்கியின் கணக்கில் ஏறியது. சி. ரங்கராஜன் தலைமையிலான உயர்நிலைக் குழு இந்த உத்தரவாதத்தைக் கைவிடப் பரிந்துரைத்தது. 1993 மே மாதம் எஃப்.சி.என்.ஆர்.(பி) தொடங்கியது, பழைய திட்டம் 1994-இல் மூடப்பட்டது. புதிய திட்டத்திலும் வைப்பாளருக்குப் பாதுகாப்பு உண்டு. மாற்று விகித இடரை ஏற்பது வங்கி. வங்கி அந்த இடரை இலவசமாகச் சுமப்பதில்லை. எஃப்.சி.என்.ஆர். வட்டி என்.ஆர்.ஈ. வட்டியினும் பெரும்பாலும் குறைவாக இருப்பதன் காரணத்தை இங்கே தேட வேண்டும்.

எனினும் அரசு முற்றிலும் விலகவில்லை. 2013 ஆகஸ்டில் டாலர் 68 ரூபாயைத் தாண்டியபோது, வங்கிகள் புதிதாகத் திரட்டும் எஃப்.சி.என்.ஆர்.(பி) டாலர்களைச் சலுகை விகிதத்தில் பரிமாற்றிக்கொள்ள ரிசர்வ் வங்கி முன்வந்தது. சில மாதங்களில் சுமார் 2,600 கோடி டாலர் வந்து சேர்ந்தது. அமைதிக் காலத்தில் வங்கியிடம் ஒப்படைத்த இடரை, நெருக்கடியில் அரசு மீண்டும் தன் தோளில் ஏற்றிக்கொண்டது.

இனி மாணவரின் கேள்விக்கு வருவோம். அண்ணனின் ஊதியம் திர்ஹத்தில். 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 திர்ஹம் என்று அந்நாணயம் டாலரோடு பிணைக்கப்பட்டுள்ளது. ஆகவே அவர் டாலரில் ஈட்டுவதாகவே கொள்ளலாம். அப்பணம் வீடு கட்டவும் தங்கையின் படிப்புக்கும் ஊரிலேயே செலவாகுமெனில், என்.ஆர்.ஈ. கணக்கே இயல்பானது, செலவு ரூபாயில் இருக்கும்போது ரூபாய்ச் சேமிப்பில் மாற்று இடர் இல்லை. சில ஆண்டுகளில் வேறு நாட்டுக்குக் குடிபெயரவோ அங்கே உயர்கல்வி கற்கவோ எண்ணமிருந்தால், ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரையிலான எஃப்.சி.என்.ஆர். வைப்பு பொருந்தும், குறைந்த வட்டியை அந்தப் பாதுகாப்புக்கான விலையாகக் கருத வேண்டும். முதலமடையில் அவர் பெயரில் மாந்தோப்பு இருந்து அதன் குத்தகைப் பணம் வந்தால், அது சேர வேண்டிய இடம் என்.ஆர்.ஓ. கணக்கு. இந்தியாவில் ஈட்டிய வருமானத்துக்கு உரியது அதுவே. அக்கணக்கின் வட்டிக்கு வரியும் உண்டு. செலவு எந்த நாணயத்திலோ, சேமிப்பும் அந்த நாணயத்தில். வட்டி விகிதத்தை அதன் பின்னரே பார்க்க வேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு சொல். செலாவணி வரலாற்றை நாம் பெரும்பாலும் ரிசர்வ் வங்கியின் அறிக்கைகளிலிருந்து எழுதுகிறோம். மாற்று விகிதத்தின் சுமையை இறுதியில் தாங்கிய குடும்பங்களின் சான்று அங்கில்லை. பாலக்காட்டிலும் இடுக்கியிலும் தமிழ்க் குடும்பங்களின் அலமாரிகளில் பழைய வங்கிக் கணக்குப் புத்தகங்களும் வளைகுடாவிலிருந்து வந்த வரைவோலைகளின் அடிக்கட்டைகளும் பணம் வந்த நாளைக் குறித்த கடிதங்களும் இன்னும் இருக்கக்கூடும். வீடு மாறும்போது முதலில் எரிக்கப்படுவன அவையே. எரிப்பதற்கு முன் ஒரு முறை படம்பிடித்து வையுங்கள். எந்த ஆண்டில், எந்தக் கணக்கை, என்ன எண்ணத்தில் தேர்ந்தார்கள் என்பதை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். யார் இழப்பைச் சுமந்தார் என்பதற்கான விடை அங்கேதான் இருக்கிறது.